சோறில்லாத சுஷியும் ஒரு சீனிப்போத்தலும்

எங்கட கூட்டத்தில ஒருத்தியை எல்லாரும் அக்கா எண்டுதான் கூப்பிடுவம். எங்களை விட நாலு வயசு கூட, அவ்வளவுதான். 31 வயசில் அவவுக்குச் சீனி வருத்தம் எண்டு கிளினிக்கில சொன்ன அன்று, உண்மையைச் சொன்னால், எங்களுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அது அப்பாமாருக்கும் அம்மம்மாமாருக்கும் வாற வருத்தம் எண்டே நினைச்சிருந்தம். அக்காவும் எங்களோடு சேர்ந்து சிரிச்சவ.

ஆனால் அதுக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் அவ எங்களோடு சாப்பிடேல்லை. திருநெல்வேலியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டில், வெள்ளி பின்னேரம் எல்லாரும் கூடி, ஏதாவது படத்தைப் பற்றியோ புத்தகத்தைப் பற்றியோ சண்டை பிடிச்சு, கடைசியில் ஒரு பெரிய சட்டி சோறு வைப்பது வழக்கம். சட்டி இறக்கிற நேரத்தில் அக்கா எழும்பி, "நான் வீட்டை போய்ச் சாப்பிடுறன்" எண்டு சைக்கிளை எடுப்பா. "கொஞ்சமாச் சாப்பிடுங்கோ, ஒண்டும் செய்யாது" எண்டு நாங்கள் சொல்லுவம். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு எண்டு எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டும் பார்க்கேல்லை.

அவவின்ர பிறந்தநாள் வந்தபோது, என்ன சமைக்கலாம் எண்டு கேட்டம். "சுஷி" எண்டா. ஸ்காபரோவில் இருக்கிற மச்சாள் வருசக்கணக்காக வட்ஸ்அப்பில் படம் அனுப்பி ஆசையைக் கிளப்பி வைச்சிருந்தா. போன முறை ஊருக்கு வரேக்க பத்துத் தாள் உள்ள ஒரு நோரிப் பக்கற்றும் கொண்டு வந்து குடுத்தவ. அது அலுமாரிக்கு மேல கிடந்தது. கிட்டத்தட்ட ஒரு அப்பியாசக்கொப்பித் தாள் அளவு, கறுப்பும் பச்சையுமாய், வெயிலில் காய்ஞ்ச கடல் மணம்.

சிக்கல் உள்ளுக்கு வைக்கிற சோற்றில். சமைச்ச வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாச்சத்து. சுஷிச் சோற்றுக்கு வினாகிரியோடு சீனியும் போடுவினம். காலிபிளவரில் 100 கிராமுக்கு ஐந்து கிராம் மட்டில்தான், அதிலும் ரெண்டு கிராம் நார்ச்சத்து. அதால சோற்றுக்குப் பதில் காலிபிளவர் எண்டு முடிவாச்சு. இந்த இடத்தில் இன்னொண்டையும் சொல்ல வேணும்: அரிசியை விட்டுட்டுக் குரக்கன் சாப்பிட்டால் போதும் எண்டு அக்காவுக்குப் புத்தி சொல்லாத ஆளில்லை. குரக்கன் மாவிலும் 100 கிராமுக்கு 70 கிராமுக்கு மேல மாச்சத்துத்தான். நார் கூட, சத்துக் கூட, சரி. ஆனால் அளவில்லாமல் சாப்பிடுகிற சாமான் இல்லை.

வீட்டுக்கார அன்ரி குசினி வாசலில் நிண்டு எல்லாத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவ. "உதென்ன பிள்ளையள், கடதாசியையே சாப்பிடப் போறியள்?" எண்டு தொடங்கி, "சோறில்லாட்டி அது பிறகென்ன சுஷி?" எண்டு முடிச்சா. கேள்வி சரியானதுதான். சுஷி எண்டது மீனில்லை, புளிப்பூட்டிய சோறு. சோறில்லாமல் வெட்டி வைக்கிற பச்சை மீனுக்கு சஷிமி எண்டு வேற பேர். ஆனால் இன்னும் பழைய சுஷி ஒண்டு இருக்கு. உப்புப் போட்ட மீனைச் சோற்றுக்குள் புதைச்சு மாதக்கணக்கில் புளிக்க விடுவது. ஜப்பானில் பிவா ஏரிப் பக்கம் இப்பவும் செய்கிற ஃபுனசுஷி அந்த வகை. மீன் கெடாமல் இருக்கத்தான் அந்தச் சோறு. சாப்பிடேக்க அதை வழிச்சு எறிஞ்சுபோட்டு மீனைத் தின்னுறது வழக்கம். இதைச் சொன்னதும் அன்ரிக்குக் கோபம். "சோத்தை எறியிறதோ!"

முதல் முயற்சி படுதோல்வி. காலிபிளவரைத் துருவி, தாச்சியில் தண்ணி தெளிச்சு வதக்கி, சூட்டோடு நோரியில் பரப்பினம். ரெண்டு நிமிசத்தில் தாள் இளகிக் கிழிஞ்சது. ரெண்டாவது தாளும் அப்படித்தான். கரண்டியால அள்ளிச் சாப்பிட்டம். ருசி பிழையில்லை, பார்க்கத்தான் சகிக்கேல்லை.

அன்ரிதான் வழி காட்டினா. ஒடியல் மாப் பிட்டு அவிக்கிற கைக்குத் தண்ணி பிழியத் தெரியும்தானே. ஊறப்போட்ட ஒடியல் மாவைத் துணியில் முறுக்கிக் கசப்புத் தண்ணியை எடுக்கிற மாதிரி இதையும் எடுக்கச் சொன்னா. அடுத்த வெள்ளி அப்படியே செய்தம். 600 கிராம் மட்டில் உள்ள ஒரு பூவை பிட்டு மாவைவிடக் கொஞ்சம் பருமனாகத் துருவி, நீத்துப்பெட்டியில் ஐந்து நிமிசம் மட்டும் அவிச்சு, விரிச்சு ஆறவிட்டு, பழைய வேட்டித் துண்டில் கட்டி, கை நோகுமட்டும் முறுக்கினம். ஒரு கோப்பைத் தண்ணி வந்தது. பிறகு முதல்நாள் இரவே துணியில் கட்டித் தொங்கவிட்ட எருமைத் தயிர் நாலு மேசைக்கரண்டி, ஒரு தேக்கரண்டி தென்னங்கள்ளு வினாகிரி, உப்பு. ஒட்டுறதுக்கு அந்தத் தயிர்தான் வேலை செய்யுது. சீனி போடேல்லை.

உள்ளுக்கு அவிச்ச இறால், விதை எடுத்த வெள்ளரிக்காய், நீளமாக் கீறின பச்சைமிளகாய். பச்சை மீன் வைக்கேல்லை. பாசையூரில் மீன் புதுசாக் கிடைக்கும், ஆனால் புதுசு எண்டது வேற, பச்சையாத் தின்னலாம் எண்டது வேற. புழுக்கள் சாக -20 பாகையில் ஏழு நாள் உறைய வைக்க வேணும். கரண்ட் போய்ப் போய் வாற எங்கட பிரிட்ஜை நம்ப ஏலாது. மூங்கில் பாய் இல்லாததால் பனையோலைத் தடுக்கில் பொலித்தீன் சுத்தி அதில் உருட்டினம். கலவையை மெல்லிசாகப் பரப்பி, மேல் ஓரத்தில் ரெண்டு விரல் இடம் விட்டு, இறுக்கி உருட்டி, நனைச்ச கத்தியால வெட்ட, நாலு தாளில் முப்பத்திரண்டு துண்டு. வாசாபிக்குப் பதில் கடுகு அரைச்சது. அன்று சோற்றுச்சட்டி அடுப்பில் ஏறவே இல்லை. எல்லாருக்கும் ஒரே தட்டு. அக்காவும் இருந்தா.

இதோடு கதையை முடிச்சிருந்தால் நல்லாத்தான் இருக்கும்.

சாப்பிட்டு ஒண்டரை மணித்தியாலம் இருக்கும். கதைச்சுக்கொண்டிருந்த அக்கா கதைக்காமல் விட்டா. படம் பார்க்கிறா எண்டு நினைச்சம். பிறகு பார்த்தால் நெத்தி முழுக்க வேர்வை, கை நடுங்குது. "இறால் ஒத்துவரேல்லைப் போல" எண்டு எங்களில் ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் மின்விசிறியைக் கூட்டி விட்டார். நாங்கள் செய்தது அவ்வளவுதான்.

கோப்பை கழுவ வந்த அன்ரி ஒரு பார்வைதான் பார்த்தா. "பிள்ளைக்குச் சீனி இறங்கிட்டுது." இருபது வருசமாச் சீனி வருத்தத்தோடு இருக்கிற மனிசி. ஓடிப்போய்ச் சீனிப்போத்தலை எடுத்து, மூண்டு தேக்கரண்டியைத் தண்ணியில் கரைச்சுக் குடுத்தா. அக்காவின்ர கைப்பையில் இருந்த மெசினில் குத்திப் பார்க்க 58. எழுபதுக்குக் கீழ போகக் கூடாது. பதினைஞ்சு நிமிசத்துக்குப் பிறகு 84. அதுக்குப் பிறகு கிறீம் கிறேக்கர் நாலு. பிறந்தநாளுக்குச் சீனியே இல்லாமல் சமைச்சுப் பெருமைப்பட்ட எங்களுக்கு முன்னால் அந்தப் போத்தல் திறந்தபடி இருந்தது.

அடுத்த கிழமை கிளினிக்குக்கு நாங்கள் ரெண்டு பேர் கூடப் போனம். டொக்டர் சாப்பாட்டைக் குறை சொல்லேல்லை. கேட்டது ஒண்டுதான்: "சாப்பிட முதல் வழக்கமான குளிசையைப் போட்டனீங்களோ?" போட்டவ. அக்கா குடிக்கிறது கிளிக்கிளசைட். சோறு வருதோ இல்லையோ எண்டு பாராமல் அது இன்சுலினைச் சுரக்க வைக்கும். நாங்கள் சோற்றை எடுத்தம், குளிசையை மறந்தம். இன்சுலின் போடுகிற ஆக்களுக்கும் இதே பிரச்சினை வரும். அவவுக்கு என்ன மாத்தினவை எண்டு இங்க எழுதமாட்டம், அது அவவின்ர கணக்கு. இதை வாசிச்சுப்போட்டு ஆரும் வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ செய்து குடுக்கிறதெண்டால், குளிசை விசயத்தை முதலில் அவையின்ர டொக்டரோடு கதைச்சிட்டுத் துருவத் தொடங்குங்கோ.

எங்களை உறுத்துறது இன்னொண்டு. குளிசையின்ர பேரைக்கூட அதுவரை நாங்கள் கேக்கேல்லை. ரகசியமா வைச்சிருந்தனீங்களோ எண்டு கேட்டதுக்கு அக்கா சொன்னவ: "இல்லையடா, நீங்கள் எல்லாரும் சேர்ந்து துணி முறுக்கிக்கொண்டு நிக்கேக்க, நடுவில வருத்தக் கதை கதைக்க விருப்பமில்லாமல் போச்சு."

இப்ப வெள்ளிக்கிழமை சில நாள் சோறு, சில நாள் காலிபிளவர். சோறெண்டால் அக்காவுக்கு அன்ரியின்ர அளவுச் சிரட்டையால ஒண்டு. சீனிப்போத்தல் மேசையில் இருக்கும். நோரி நாலு தாள் மிச்சம். போன கிழமை அன்ரி வந்து, "உந்தக் கடதாசி இன்னும் கிடக்கோ? நண்டுச் சதை வைச்சுப் பார்ப்பமே" எண்டு கேட்டவ.