தலை சுற்றினால் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

பயிருக்கு ஆலோசனை கேட்டு வருபவர்கள், எழுந்து போகும்போது மெதுவாகக் கேட்பார்கள்: "சார், கொஞ்ச நாளா தலை சுத்துது. பிரஷரா இருக்குமோ?" நானும் சில ஆண்டுகளாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவன் என்பது ஊருக்குத் தெரியும். நான் டாக்டர் இல்லை. என் டாக்டர் சொன்னதையும் வயலில் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

ரத்தக்கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. 140/90-ஐத் தாண்டி நின்றாலும் உடம்பு நன்றாக இருப்பதாகவே தோன்றும். குருத்துப்பூச்சி தண்டுக்குள் தின்றுகொண்டிருக்க, பயிர் சில நாள் பச்சையாகவே நிற்கிறதே, அப்படித்தான். அதனால் தலை சுற்றாவிட்டாலும் அளந்து பார்க்க வேண்டும். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள்.

மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலை சுற்றினால், பிரஷர் கூடியதாலும் இருக்கலாம், இறங்கியதாலும் இருக்கலாம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் குனிந்து களையெடுத்துவிட்டு, சட்டென்று நிமிர்ந்தால் கிறுகிறுக்கும். சிறுநீரை அதிகம் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் கூடுதல். டாக்டரிடம் சொல்லி, நின்ற நிலையிலும் அளக்கச் சொல்லுங்கள்.

எங்கள் வட்டாரத்தில் கடலை போடும் ஒருவர், மாத்திரையால்தான் சுற்றுகிறது என்று தானாகவே நிறுத்திவிட்டார். சுற்றலும் நின்றது. நான்காம் மாதம் வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. டாக்டரிடம் போயிருந்தால் மாத்திரையை மாற்றியோ அளவைக் குறைத்தோ கொடுத்திருப்பார். இன்று அந்தக் காட்டில் களைக்கொத்து பிடிப்பது அவர் மனைவி மட்டும்தான்.

பூச்சிமருந்து தெளித்த அன்று சுற்றினால், பிரஷர் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். கூடவே வாந்தி, வியர்வை, எச்சில் ஊறுதல், பார்வை மங்கல் இருந்தால் அது நஞ்சாக இருக்கலாம். உடையைக் களைந்து, சோப்பு போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தலை சுற்றியதும் இருந்த இடத்திலேயே உட்காருங்கள். அன்று கிணற்று மேடு, தென்னை மரம், டிராக்டர் மூன்றும் வேண்டாம். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் உள்ளதும் இந்தக் கணக்கில் சேரும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குளறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.