பன்னிரண்டு அமாவாசை

பிரயாணம் கிளம்புகிறவர்கள் முதலில் ரயில்வே அட்டவணையைப் பார்ப்பார்கள்; அடுத்தபடியாக மணிபர்ஸைப் பார்ப்பார்கள். இங்கே நான் சொல்லப் போகும் பிரயாணத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது பஞ்சாங்கம். மணிபர்ஸைப் பற்றி அதிகக் கவலை வேண்டாம். காட்சிக்கு டிக்கெட் கிடையாது. இடம் பிடிக்க முண்டியடிக்க வேண்டியதில்லை. ஒரு பாய், ஒரு கூஜா காப்பி, கொஞ்சம் கட்டுச்சோறு இருந்தால் போதும். தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்குக் கட்டுச்சோற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை!

பார்க்கப் போவது நட்சத்திரங்களை.

"நட்சத்திரம் பார்க்கப் பிரயாணமா? வாசலில் நின்று தலையைத் தூக்கினால் போகிறது!" என்று நீங்கள் சொல்லலாம். இன்றிரவே தூக்கிப் பாருங்கள். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இருந்தால் முப்பதோ நாற்பதோ எண்ணுவீர்கள். இருண்ட இடத்தில் நல்ல கண்ணுக்கு ஒரே சமயத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் தெரிய வேண்டும். மற்றவை எங்கே போயின? எங்கும் போகவில்லை. நாம் போட்ட விளக்குகளின் வெளிச்சத்துக்குப் பின்னால் இருக்கின்றன. 2023-இல் 'சயன்ஸ்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ஜனங்கள் வெறுங்கண்ணால் பார்த்துக் கொடுத்த கணக்கு அது. ஒரு குழந்தை பிறக்கும்போது 250 நட்சத்திரம் தெரிந்த ஊரில், அதற்குப் பதினெட்டு வயது ஆகும்போது சுமார் 100தான் தெரியும் என்கிறது. நம் காவிரிக் கரையிலும் தெருவுக்குத் தெரு வெள்ளை விளக்கு வந்துவிட்டது. ஆகையால், இருட்டு மிச்சமிருக்கும்போதே குழந்தைகளுக்குக் காட்டிவிட வேண்டும்.

இதற்கு லடாக்கிலுள்ள ஹான்லேவுக்குப் போக வேண்டுமென்பதில்லை. கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்கப் போவதாகத் தமிழக அரசு 2023-இல் அறிவித்திருப்பது நல்ல செய்திதான். ஆனால் டெல்டாவாசிக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே சௌகரியம் உண்டு. மலை இல்லாத நாடு இது. நாலு பக்கமும் வானம் தரையைத் தொடுகிற இடத்தில் நிற்கலாம். தெற்கேயும் கிழக்கேயும் கடல் வேறு. கடலில் தெருவிளக்குப் போடுவார் இல்லை.

கணக்கு மிகவும் எளிது. அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து, அமாவாசை கழிந்து மூன்று நாள் வரையில், முன்னிரவில் நிலாத் தொந்தரவு இராது. அதற்குள் வருகிற ஒரு சனிக்கிழமையைக் குறித்துக் கொள்ளுங்கள். பாட்டிமார்கள், "அமாவாசை இருட்டிலே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கா? நல்ல வேளை பார்த்தாய், போ!" என்று ஆட்சேபிப்பார்கள். பாட்டியையும் அழைத்துக்கொண்டு போய்விடுவதே இதற்குச் சரியான பதில்.

தை மாதத்தில் ஆரம்பிப்போம். வடகிழக்குப் பருவமழை விடைபெற்று, வானம் கழுவி விட்டாற்போல் இருக்கும் சமயம். போக வேண்டிய இடம் வேதாரணியத்தை அடுத்த அகத்தியான்பள்ளி. 1930 ஏப்ரல் 30-ஆம் தேதி ராஜாஜி தம் தொண்டர்களுடன் உப்பு அள்ளிக் கைதான ஊர். 2023-இல் திருத்துறைப்பூண்டியிலிருந்து இங்கே அகலப்பாதை ரயிலும் வந்துவிட்டது. உப்பளப் பாத்திகளுக்கு இடையே மரமும் இல்லை, மாடியும் இல்லை. இருட்டியதும் தெற்கே திரும்பி நில்லுங்கள். அடிவானத்துக்கு மேலே, கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் இரண்டரை முஷ்டி உயரத்தில், வெள்ளையாக ஒரு பெரிய நட்சத்திரம் அமைதியாகப் பிரகாசிக்கும். அதுதான் அகஸ்திய நட்சத்திரம். தை மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கு அது உச்ச நிலையில் நிற்கும்.

காவிரியைக் கமண்டலத்தில் கொண்டு வந்தவர் அகஸ்தியர் என்பது புராணம். காவிரி கடலைச் சேரும் நாட்டில், அவர் பெயர் கொண்ட ஊரில் நின்று, அவர் பெயர் கொண்ட நட்சத்திரத்தைப் பார்ப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறதல்லவா? அந்த ஒளி அங்கிருந்து கிளம்பிச் சுமார் 300 வருஷம் ஆகிறது. தஞ்சாவூரில் மராட்டிய மன்னர்கள் ஆண்ட காலத்தில் புறப்பட்டது இன்று உங்கள் கண்ணில் வந்து விழுகிறது.

தலைக்கு நேர் மேலே சிவப்பாகத் தெரிவது திருவாதிரை. 2019 இறுதியில் இது திடீரென்று மங்க ஆரம்பித்து, 2020 பிப்ரவரியில் மிகவும் மங்கி, உலகத்து வானசாஸ்திரிகளையெல்லாம் பரபரப்பில் ஆழ்த்தியது. பிறகு பழைய பிரகாசத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மேற்கே ரோகிணி. இன்னும் மேற்கே கார்த்திகை. கிராமத்தில் இதை ஆறாமீன் என்பார்கள். ஆறு தெரிகிறதா என்று குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள். இருட்டுக்கும் கண்ணுக்கும் அதுவே பரீட்சை.

தை அமாவாசையன்று வேதாரணியத்திலும் கோடியக்கரையிலும் கடல் நீராடக் கூட்டம் கூடும். காலையில் நீராடிய கூட்டம் கலைந்த பிறகு, அன்றிரவு வானம் உங்களுக்கே சொந்தம். ஆனால் கோடியக்கரைச் சரணாலயக் காட்டுக்குள் இரவில் நுழைய எண்ணாதீர்கள். அது வெளிமான்களின் வீடு. வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. கம்பளியையும் மறக்கக் கூடாது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்வது சும்மா இல்லை.

பங்குனியில் எங்கும் போக வேண்டாம். சம்பா அறுவடை முடிந்திருக்கும். வயலில் உளுந்தும் பயறும் நிற்கும். உங்கள் ஊர்க் களத்துமேடே போதும். பாயை விரித்துக் குழந்தைகளைப் படுக்க வைத்து, மகம், பூரம், உத்திரம் என்று அவரவர் ஜன்ம நட்சத்திரத்தைக் காட்டுங்கள். ஜாதகத்தில் எழுதியிருக்கும் பெயர் ஆகாசத்தில் மினுமினுப்பதைப் பார்க்கும்போது குழந்தைகளுக்கு வரும் குதூகலத்தை எந்தப் பள்ளிக்கூடப் பாடமும் கொடுக்காது.

சித்திரையில் ஒரு பகல் காட்சி. நட்சத்திரப் பிரயாணத்தில் பகல் எப்படி என்று கேட்காதீர்கள். சூரியனும் ஒரு நட்சத்திரந்தானே! தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒரு பேச்சு வெகு காலமாக உண்டு. காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்தால் நிழல் தாராளமாக விழுந்து கிடக்கும். ஆனால் ஏப்ரல் 18-ஆம் தேதியை ஒட்டிச் சூரியன் தஞ்சாவூருக்கு நேர் உச்சியில் வருகிறது. பகல் 12 மணி 13 நிமிஷ சுமாருக்குச் செங்குத்தாக ஒரு குச்சியை நட்டால் அதற்கு நிழலே இராது. ஆகஸ்டு 24, 25 வாக்கில் மறுபடியும் இது நடக்கும். ராஜராஜன் கட்டிய கோயிலின் பெருமைக்குக் கட்டுக்கதை வேண்டியதில்லை. ஒரு குச்சியும் கடிகாரமும் போதும், உண்மையே அதிசயமாக இருக்கும்.

மே 5, 6 தேதிகளில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கிழக்கே பாருங்கள். ஹாலி வால்நட்சத்திரம் விட்டுச் சென்ற தூசி, எரிநட்சத்திரங்களாகப் பாயும். 1986-இல் வந்த ஹாலி இனி 2061-இல்தான் வரும்; அதன் தூசியோ வருஷந்தோறும் வருகிறது. கத்திரி வெயில் நாள் அது. கத்திரியில் கார்த்திகையைத் தேடினால் கிடைக்காது. ஏனென்றால் அப்போது சூரியன் அந்தப் பக்கத்திலேயே நிற்கிறது. அக்கினி நட்சத்திரம் என்ற பெயரின் ரகசியம் அதுவே.

வைகாசி அமாவாசைதான் வருஷத்தின் மகுடம். இடம் மனோரா. பட்டுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். நெப்போலியனை இங்கிலீஷ்காரர்கள் ஜயித்த சந்தோஷத்துக்காகச் சரபோஜி மன்னர் 1814-15-இல் கட்டிய எட்டு அடுக்குக் கோபுரம், கடலைப் பார்த்து நிற்கிறது. இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள்: இரண்டு முஷ்டி உயரத்தில் சிலுவை போல் நான்கு நட்சத்திரம். தென்சிலுவை என்பார்கள். லண்டனில் இருப்பவர்கள் ஆயுசு முழுவதும் தங்கள் ஊரில் பார்க்க முடியாதது. அப்படியே வடக்கே திரும்புங்கள்: தென்னை மறைக்காத இடமாக இருந்தால், ஒரு முஷ்டி உயரத்தில் துருவ நட்சத்திரம், அதற்கு மேலே சப்தரிஷி மண்டலம். வடக்கையும் தெற்கையும் ஒரே இரவில், நின்ற இடத்திலேயே பார்க்கும் பாக்கியம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு வாய்த்திருக்கிறது. வாணியம்பாடிக்கு அருகேயுள்ள காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வேலை செய்கிறது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குத் தென்வானம் நன்றாகத் தெரியும் என்பதும் ஒரு காரணம். அந்த வானம் மனோராவில் இன்னும் சிறிது உயரமாகவே தெரியும்.

சப்தரிஷிகளில் வசிஷ்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் புள்ளிதான் அருந்ததி. பட்டப்பகல் முகூர்த்தத்தில் மாப்பிள்ளை விரலை நீட்ட, மணப்பெண் பந்தல் கீற்றைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாளே, அந்த அருந்ததி! வைகாசியில் கல்யாணமான தம்பதிகள் அன்றிரவே மொட்டை மாடிக்குப் போனால் நிஜமாகவே பார்த்துவிடலாம்.

மனோராவைச் சுற்றியுள்ள பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதி மக்கள் இருட்டை வேறு விதமாகவும் அறிவார்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது தென்னைகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, கிராமங்கள் நாட்கணக்கில் விளக்கில்லாமல் கிடந்தன. அந்த இருட்டை யாரும் விரும்ப மாட்டார்கள். விளக்கே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. பாம்பும் பூரானும் உள்ள ஊரில் விளக்கு அவசியம். ஆனால் அதன் ஒளி பாதையில் விழட்டும், ஆகாசத்துக்கு எதற்கு? தலைக்கு ஒரு மூடி போட்டால் பாதைக்கும் நல்லது, நட்சத்திரத்துக்கும் நல்லது, மின்சாரக் கணக்குக்கும் நல்லது.

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். அதற்குப் பிறகு வயலெல்லாம் தண்ணீர், கொசுவும் உண்டு. ஆனி, ஆடியில் மேகம் விலகும்போது, கேட்டை, மூலம் வழியாகப் பால்வீதி பாய்ந்து செல்வதை வாய்க்கால் கரையிலிருந்தே பார்க்கலாம். மேலே ஓர் ஆறு, கீழே ஓர் ஆறு! ஆவணிக்குச் சற்று முன், ஆகஸ்டு 12, 13 தேதிகளில், நடுநிசிக்குப் பிறகு வடகிழக்கில் எரிநட்சத்திரங்கள் விழும். புரட்டாசியில் வானம் தயவு பண்ணினால் உண்டு.

ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்கு உரியவை. டெல்டாவாசி அப்போது வானத்தைப் பார்ப்பது வேறு காரணத்துக்காக. அந்த இரண்டு மாதமும் திருச்சிக் கோளரங்கத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போங்கள்.

மார்கழியில் மழை ஓயத் தொடங்கும். டிசம்பர் 13, 14 தேதிகளில் வருவது வருஷத்தின் சிறந்த எரிநட்சத்திர மழை. நிலா இல்லாமல், மேகமும் இல்லாமல் அமைந்துவிட்டால் நடுநிசிக்குப் பிறகு எண்ணி மாளாது. மார்கழிக் கோலம் போடும் பெண்களுக்கு இன்னொரு சலுகை உண்டு. நட்சத்திரங்கள் தினம் நாலு நிமிஷம் முந்தி உதிக்கின்றன. மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஆகவே வைகாசியில் இரவு ஒன்பது மணிக்குத் தெரிந்த வானம், மார்கழிக் கடைசியில் விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலிலேயே வந்து நிற்கும். புள்ளி வைக்கக் குனியுமுன் ஒரு தடவை நிமிர்ந்து தெற்கே பார்த்தால் தென்சிலுவை!

இருட்டு தேவைப்படாத விசேஷங்களும் உண்டு. 2028 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு பத்தரை மணி சுமாருக்குப் பூரண சந்திர கிரகணம் நம் ஊரில் தெரியும். அதுவும் மார்கழித் திருவாதிரைச் சந்திரன்! 2031 மே 21-ஆம் தேதி தென் தமிழ்நாட்டின் மேலாகக் கங்கண சூரிய கிரகணம் செல்கிறது. அதைத் தக்க கண்ணாடி இல்லாமல் பார்க்கவே கூடாது. இவற்றையெல்லாம் கணக்கிடுவது நமக்குப் புதிதல்ல. 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டியதை ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் வியந்து எழுதி வைத்தார்.

போகும்போது கவனிக்க வேண்டியவை மூன்றே. டார்ச்சு விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றுங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி ஆகும். அதுவரை பொறுமை வேண்டும். செல்போனை ஒரு தடவை திறந்தால் அந்த அரை மணியும் வீண்.

இன்னும் ஒன்று. வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் இருந்தால் அவசியம் அழைத்துப் போங்கள். கைக்கடிகாரம் இல்லாத நாளில் மடை திறக்க நடுச்சாமத்தில் வயலுக்குப் போனவர்கள், ஆறாமீன் எங்கே நிற்கிறது, விடிவெள்ளி கிளம்பியாயிற்றா என்று பார்த்தே முறை மாற்றினார்கள். அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் முழுமையாக ஏறவில்லை. அவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது. "தாத்தா, அது என்ன மீன்?" என்று பேரன் கேட்கட்டும். தாத்தாவுக்கு வானமும் தெரிய வேண்டும், பேரனுக்குக் கேட்கவும் தோன்ற வேண்டும். இரண்டுக்கும் தேவை, விளக்கில்லாத ஓர் இரவு. அடுத்த அமாவாசை என்றைக்கு என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள்.