நாற்பதின் பெயர் தாங்கிய மலை

எரிகோ நகருக்கு மேற்கே, யூதேயப் பாலைநிலத்தின் விளிம்பில், செங்குத்தான சுண்ணாம்புப் பாறைமலை ஒன்று நிற்கிறது. அந்நாட்டு அரபு மக்கள் அதனை 'ஜபல் குருந்துல்' என்று அழைப்பர். 'ஜபல்' என்றால் மலை. 'குருந்துல்' என்பதோ அரபு மொழிக்கு உரிய சொல்லன்று. நாற்பது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த 'குவாரந்தானா' என்பதே அரபு நாவில் அவ்வாறு திரிந்தது. நம் ஆண்டவர் நாற்பது நாள் நோன்பிருந்து அலகையால் சோதிக்கப்பட்ட இடம் இது என்ற மரபையொட்டி, சிலுவைப்போர்க் காலத்து இலத்தீன் கிறிஸ்தவர்கள் இம்மலைக்கு அப்பெயரை வழங்கினர். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது நாம் அனைவரும் அறிந்துகொண்ட 'குவாரண்டைன்' என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததே.

1187-இல் எருசலேம் சலாகுதீனின் வசமாயிற்று. இலத்தீன் அரசும் அதன் கோட்டைகளும் காலப்போக்கில் மறைந்தன. ஆயினும் பெயர் மறையவில்லை. நம் நோன்பின் எண்ணிக்கையை நம் மறையைச் சாராத மக்களே தலைமுறை தலைமுறையாகத் தம் நாவில் காத்துவந்துள்ளனர். இதனை நன்றியோடு நினைவுகூரக் கடமைப்பட்டுள்ளோம்.

நற்செய்தியாளர் எவரும் சோதனை நிகழ்ந்த மலைக்குப் பெயர் தரவில்லை. மாற்கு பாலைநிலத்தை மட்டுமே குறிப்பிடுகிறார். மத்தேயு 'மிக உயர்ந்த மலை' என்பதோடு நின்றுவிடுகிறார். உலக அரசுகள் அனைத்தையும் ஒருங்கே காட்டும் மலை நில வரைபடத்தில் இல்லை. அது மனித உள்ளத்திலேயே இருக்கிறது. எனினும், மரபு தேர்ந்துகொண்ட இம்மலைக்கு வேறொரு நினைவும் உண்டு.

மக்கபேயர் முதல் நூலின் இறுதி அதிகாரத்தைப் புரட்டிப் பார்ப்போம். தலைமைக் குரு சீமோனின் மருமகன் தாலமி எரிகோ சமவெளிக்கு ஆளுநன். பொன்னும் வெள்ளியும் மிகுதியாக உடையவன். நாடு முழுவதையும் தனதாக்க எண்ணிய அவன், தான் கட்டிய 'தோக்' என்னும் சிறு கோட்டைக்கு மாமனை அழைத்து விருந்து படைத்தான். மதுவில் மயங்கியிருந்த வேளையில் அவரையும் அவருடைய மைந்தர் இருவரையும் வெட்டி வீழ்த்தினான். இது கி.மு. 134-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. அக்கோட்டை இம்மலையின் உச்சியில் இருந்ததென்று ஆய்வாளர் கருதுவர். மலையடிவாரத்து நீரூற்றை மக்கள் இன்றும் 'ஐன் துயூக்' என்கின்றனர். பழைய 'தோக்' அப்பெயரில் ஒலிக்கிறது.

ஆக, ஒரே மலையின்மேல் இரு நினைவுகள். ஆட்சியைப் பறிக்க விருந்து வைத்தவன் ஒருவன். ஆட்சியெல்லாம் தருவதாகச் சொல்லப்பட்டபோது பசித்த வயிற்றோடு மறுத்தவர் மற்றொருவர். முன்னவன் உறவையும் பலியிட்டான். பின்னவரோ பிறருக்காகத் தம்மையே பலியாக்கச் சென்றார்.

இத்தலைமுறையில் நாம் தவக்காலம் என்பதை நம் முன்னோர் தபசுகாலம் என்றனர். ஒருசந்தியும் சுத்தபோசனமும் அவர்களுக்கு உயிரினும் மேலானவை. அவற்றைக் காப்பது நன்றே. ஆனால் புலால் தவிர்த்த அதே வெள்ளிக்கிழமை மாலையில், திருவிழாவில் கொடிமரத்தருகே முதல் மரியாதை யாருக்கு என்று பங்கு இரண்டுபடுமானால், நாம் எதனின்று நோன்பிருந்தோம்? பங்குப் பேரவையில் இடம் கிட்டாததால் சொந்த அண்ணனோடு பேச்சை முறித்துக்கொள்பவரும் நம்மிடையே உண்டு. குருக்களாகிய எமக்கும் இக்கேள்வியிலிருந்து விலக்கில்லை. பீடத்தருகே நிற்பவருக்கு அதிகாரப் பசி அணுகாது என்று எவரும் உறுதி கூற இயலாது. தாலமி வெளியார் அல்லன். தலைமைக் குருவின் இல்லத்திற்குள் மருமகனாய் வந்தவன்.

குருந்துல் மலையின் குகைகளில் நான்காம் நூற்றாண்டிலேயே துறவியர் தங்கினர். பாறையோடு ஒட்டிக் கட்டப்பட்ட கிரேக்கத் துறவு மடம் ஒன்று இன்றும் அங்கே உண்டு. அங்கு ஏறிச்செல்லும் வாய்ப்பு நம்முள் சிலருக்கே கிட்டும். உள்ளத்தின் மலையிலோ ஒவ்வொருவரும் நின்றே தீரவேண்டும். சாம்பல் பூசிய நெற்றியோடு அங்கே ஏறுவோம். இறங்கும்போது நம் கைகள் வெறுமையாய் இருக்கட்டும்.