கவுன்சிலர் யாருங்க?

தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் ஒரு தெரு. பெயர் வேண்டாம், அந்தப் பக்கம் எல்லாத் தெருவும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். 2018ஆம் வருஷம். தெருமுனை லைட் நாலு நாளாக எரியவில்லை. ட்யூஷன் முடிந்து எட்டு மணிக்கு வரும் பிள்ளைகள் இருட்டில் நடக்கிறார்கள். போதாக்குறைக்கு நாய்கள் வேறு. மளிகைக்கடை வாசலில் நின்று ஒரு அம்மா கேட்கிறார்: "இந்த வார்டு கவுன்சிலர் யாருங்க?"

கடைக்காரர் பொட்டலம் கட்டுவதை நிறுத்தாமல் பதில் சொல்கிறார்: "இப்ப யாரும் இல்லீங்கக்கா. பழைய கவுன்சிலர் அடுத்த தெருவுலதான் இருக்காரு. அவர்கிட்ட வேணா சொல்லிப் பாருங்க."

பழைய கவுன்சிலருக்குப் பதவி போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் வாசலுக்கு வந்து விஷயத்தைக் கேட்டார். யாருக்கோ போன் போட்டார். மறுநாள் சாயங்காலம் ஏணியோடு ஆள் வந்தது, லைட்டும் எரிந்தது.

இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது, கோபப்பட என்ன இருக்கிறது என்று யோசித்தால் இரண்டுக்குமே இடம் உண்டு. வேலை நடந்துவிட்டது. ஆனால் நடத்தியவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவர் நல்ல மனிதராக இல்லாமல் இருந்திருந்தால்? அல்லது வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போயிருந்தால்?

மேயர் மாறினார், சேர்மன் மாறினார், கமிஷனர் மாறினார் என்று செய்தி வரும்போதெல்லாம் டீக்கடையில் கேட்கும் வசனம் ஒன்றுதான்: "யாரு வந்தா நமக்கென்ன?" கேட்பவர்களுக்கு ஊருக்கே அக்கறை இல்லை என்று தோன்றும். ஆனால் இதைச் சொல்பவரின் செல்போனில் கவுன்சிலர் நம்பர் கட்டாயம் இருக்கும். தண்ணி லாரி டிரைவர் நம்பரும் இருக்கும். ஊருக்கு அக்கறை இருக்கிறது, மேலே உட்கார்ந்திருப்பவர் மேல் அது அவ்வளவாக இல்லை. 'யாரிடம் போய்ச் சொல்வது' என்பதில்தான் மொத்த அக்கறையும்.

சரி, 2018இல் கவுன்சிலர் ஏன் இல்லை? நிறைய பேருக்கு, அதுவும் அப்போது ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, இந்தக் கதை தெரியாது.

2011 அக்டோபரில் தேர்வான உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவித்திருந்தார்கள். பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று வழக்கு வந்தது. அக்டோபர் 4ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. பதவிக்காலம் முடிந்த இடங்களில் தனி அலுவலர்கள் உட்கார்ந்தார்கள். 'கொஞ்ச நாளைக்குத்தானே' என்று எல்லோரும் நினைத்தார்கள். வார்டு மறுவரையறை, வழக்கு, மறுபடியும் வழக்கு, மாவட்டப் பிரிப்பு என்று இழுத்துக்கொண்டே போய், நகர்ப்புறங்களுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ஆம் தேதி. ஐந்து வருஷத்துக்கும் மேலே!

அந்த ஐந்து வருஷத்தில் என்னென்ன வந்துபோனது என்று பாருங்கள். 2019இல் தண்ணீர்ப் பஞ்சம். 2020இல் கொரோனா ஊரடங்கு. 2021இல் இரண்டாவது அலை, வருஷக் கடைசியில் பெருமழை. ஒரு தெருவுக்கு ஒரு கவுன்சிலர் தேவைப்படுகிற காலம் இதைவிட வேறு எப்போது வரும்? கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் இங்கே அதே கதிதான். மற்ற பல மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்துக்கு 2021 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூர் கொரோனாவைச் சந்தித்தபோது அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துத் தலைவர் கிடையாது.

இதைவிடப் பெரிய இடைவெளியைப் பார்த்த ஊரும் பக்கத்திலேயே இருக்கிறது. 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சிதான் இந்தியாவிலேயே பழமையானது. மஸ்டர் ரோல் ஊழல் விவகாரத்தில் 1973இல் அதன் மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996இல்! இருபத்துமூன்று வருஷம். கலைத்த வருஷம் பிறந்த குழந்தை ஓட்டுரிமை பெற்று, வேலைக்கும் போய், அப்புறம்தான் முதல் தடவையாக ஒரு மாநகராட்சித் தேர்தலைப் பார்த்திருக்கும்.

அந்தத் தேர்தலில் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயர் மு.க.ஸ்டாலின். 2001இல் மறுபடியும் ஜெயித்தார். எம்.எல்.ஏ., மேயர் என்று இரண்டு பதவியையும் ஒருவரே வகிக்கக் கூடாது என்று 2002இல் சட்டத் திருத்தம் வந்ததும் மேயர் பதவி போனது. துணை மேயர் கராத்தே தியாகராஜன் பொறுப்பைப் பார்த்தார். பிறகு மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையே ஊஞ்சல் மாதிரி ஆடியது. 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மக்கள். 2019இல் வந்த அவசரச் சட்டத்தால் மறுபடியும் கவுன்சிலர்கள். 'மேயருக்குத் தனியா ஒரு ஓட்டுப் போடணுமா, வேண்டாமா?' என்று பூத்தில் போய்க் கேட்ட பெரியவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அவர்கள் போன தடவை நடந்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்டவர்கள்.

இப்போது தாம்பரத்துக்கு வருவோம்.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகள். பத்தையும் சேர்த்து ஒன்று. 70 வார்டு, 5 மண்டலம்.

பெயர் வைத்ததிலேயே முதல் பஞ்சாயத்து ஆரம்பம். 2011 கணக்கெடுப்பில் பல்லாவரம் நகராட்சியின் மக்கள்தொகை 2,15,417. தாம்பரத்துக்கு 1,74,787தான். "ஆளுங்க எங்க ஊர்ல அதிகம், பேரு மட்டும் உங்க ஊரா?" என்று பல்லாவரத்துக்காரர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ஊர் வேறு அது. சீனியாரிட்டியிலும் அவர்களை ஜெயிக்க முடியாது :)

பி.காம் படிப்பவர்களுக்கு இந்த இணைப்பு தெரிந்த பாடம்தான். கார்ப்பரேட் அக்கவுண்டிங்கில் அமால்கமேஷன் என்று ஒரு அத்தியாயம் வரும். பழைய கம்பெனிகளின் சொத்து, கடன் எல்லாம் புதுக் கம்பெனியின் புத்தகத்துக்குப் போகும். நிகரச் சொத்தின் மதிப்பைவிடக் கூடுதலாகக் கொடுத்த பணத்தை குட்வில் என்று எழுதுவார்கள். அந்தக் கம்பெனியின் பெயருக்கும், வாடிக்கையாளர் அதன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கைக்கும் போடும் விலை அது.

பத்து உள்ளாட்சிகள் ஒன்றானபோது கட்டடம் வந்தது, குப்பை வண்டி வந்தது, ஊழியர்கள் வந்தார்கள், பாக்கிகளும் வந்தன. குட்வில்? அதற்கு அந்தப் புத்தகத்தில் பத்தியே கிடையாது. பேரூராட்சி ஆபீஸுக்கு நடந்தே போய், செயல் அலுவலரைப் பெயர் சொல்லி விசாரித்து, "சார், எங்க தெருவுல தண்ணி வரலை" என்று சொல்லிப் பழகிய ஒரு நலச்சங்கத் தலைவர். எந்த மேஜையில் எந்த நாற்காலிக்காரர் வேலையை முடித்துக் கொடுப்பார் என்பது அவருக்கு அத்துப்படி. அந்த அறிவு ஒரே நாளில் செல்லாத நோட்டாகிவிட்டது. வார்டு நம்பர் மாறிவிட்டது. மண்டலம் எது என்று கேட்டு அலைய வேண்டும். மாநகராட்சி ஆனதில் பெருமை இல்லாமல் இல்லை. 'இனிமே ரோடு, பாதாளச் சாக்கடை எல்லாம் வரும்' என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. கூடவே 'வரியும் வரும்' என்ற பயமும் இருந்தது.

குட்வில் என்பது வெறும் பேச்சு என்று நினைப்பவர்களுக்குப் பக்கத்து ஊர் ஆலந்தூர் ஒரு பதில். பாதாளச் சாக்கடை இல்லாத அந்த நகராட்சியில் 1990களின் கடைசியில் அதற்கான திட்டம் போட்டார்கள். அப்போது நகராட்சித் தலைவர் ஆர்.எஸ்.பாரதி. எல்லாப் பணத்தையும் அரசே போட முடியாது என்பதால் ஒரு வீட்டுக்கு 5,000 ரூபாய் மக்களிடமே டெபாசிட் கேட்டார்கள். அந்தக் காலத்தில் 5,000 என்பது பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். குழி தோண்டாமலே பணத்தைக் கேட்டால் யார் கொடுப்பார்? ஆயிரக்கணக்கானோர் கொடுத்தார்கள். நலச்சங்கங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கணக்கைச் சொல்லிக் கேட்டதால், கேட்டவர் யார் என்று தெரிந்ததால் கொடுத்தார்கள். சாக்கடையும் வந்தது. நாட்டில் பல இடங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன திட்டம் அது. 2011இல் ஆலந்தூர் நகராட்சி சென்னையோடு சேர்ந்து 12ஆவது மண்டலம் ஆகிவிட்டது. குழாய் மண்ணுக்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கையும் அப்படியே மாறி வந்ததா என்பதை ஆலந்தூர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

2022 மார்ச் 4ஆம் தேதி. தாம்பரத்தின் முதல் மேயராக வசந்தகுமாரி கமலக்கண்ணன் பொறுப்பேற்றார். வயது 25, பி.டெக். படித்தவர். அதே நாளில் சென்னைக்கு ஆர்.பிரியா. வயது 28, எம்.காம்! (காமர்ஸ் படித்தால் பேங்க் எக்ஸாம்தான் என்று சொல்லும் மாமாக்கள் கவனிக்க.) இரண்டு ஊரிலும் மேயர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சென்னையின் முந்நூறு வருஷ வரலாற்றில் அதற்கு முன் பெண் மேயர்கள் இரண்டே பேர்தான், தாரா செரியனும் காமாட்சி ஜெயராமனும். பட்டியலினப் பெண் ஒருவர்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

ஊர் என்ன சொன்னது? எலக்ட்ரிக் ட்ரெயினில் போகும் காலேஜ் பெண்களுக்கு ஒரே பெருமை, நம்ம வயசுக்காரி ஒருத்தி மேயர் என்று. அதே ட்ரெயினில் எதிர் சீட்டில் பேப்பர் விரித்த பெரியவருக்கு ஒரே சந்தேகம்: "சின்னப் பொண்ணும்மா, ஆபீசருங்க சொன்னபடி கேப்பாங்களா?" இதே கேள்வியை 25 வயது ஆண் மேயராகியிருந்தால் கேட்டிருப்பாரா என்று ஒரு பெண்ணாவது அவரிடம் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

மேயர்கள் பொறுப்பேற்று ஒரு மாதம்கூட முடியவில்லை. ஏப்ரல் 1ஆம் தேதி மாநிலம் முழுக்கச் சொத்து வரி உயர்வுச் செய்தி வந்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். ஏப்ரல் ஃபூல் என்று நினைத்தவர்களும் உண்டு. முடிவு எடுத்தது மாநில அரசு. ஆனால் திட்டு வாங்கியது யார்? வார்டு கவுன்சிலர்! வாக்கிங் போகும்போது நிறுத்திக் கேட்டார்கள், கல்யாண வீட்டில் பந்தியில் வைத்துக் கேட்டார்கள்.

பார்க்கப்போனால் இதுதான் நல்ல செய்தி. ஐந்து வருஷமாகத் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாத ஊரில், திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார். தனி அலுவலர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவரைப் பந்தியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்க முடியாது. ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தால் அடுத்த வாரம் வேறு மாவட்டம். கவுன்சிலர் அதே தெருவில் இருந்தாக வேண்டும், அடுத்த தேர்தலில் அதே வாசலில் வந்து கும்பிட வேண்டும்.

கேள்வி கேட்பதற்குச் சட்டப்படி ஒரு இடமும் வந்தது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று கிராம சபை மாதிரி நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் வந்து உட்கார்ந்தது தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கும் பம்மலில்தான். பெரியவர்கள் வருகிற நாளில் நாற்காலி நிரம்பும். யாரும் வராத நாளில் எத்தனை பேர் போய் உட்காருகிறோம் என்பதுதான் பரீட்சை.

தலைவர்கள் மாறுவார்கள். 2024 ஜூலையில் கோவை மேயரும் நெல்லை மேயரும் பதவிக்காலம் முடியும் முன்பே ராஜினாமா செய்தார்கள், அடுத்த மாதமே புது மேயர்கள் வந்தார்கள். அதனால் ஊர் நின்றுவிடவில்லை. மாறுவது தப்பில்லை. மாறும்போது நடுவில் விழும் ஓட்டைதான் ஆபத்து. ஆறு மாதம் என்று சொல்லி ஆறு வருஷம் ஆகலாம். அது மறுபடியும் நடக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஐந்து வருஷக் கெடு நெருங்கும்போதெல்லாம் 'தேர்தல் எப்போ?' என்று சத்தமாகக் கேட்பது கட்சிக்காரர்கள் வேலை மட்டுமில்லை, லைட் எரியாத தெருவில் இருக்கிற எல்லோருடைய வேலையும்தான்.

அந்த மளிகைக்கடை அம்மாவின் போனில் 2022க்குப் பிறகு புதுக் கவுன்சிலர் நம்பர் ஏறியது. ஆனால் பழைய கவுன்சிலர் நம்பரை அவர் அழிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இருக்கட்டும்பா, எப்ப தேவைப்படும்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

உங்கள் வார்டு நம்பர் என்ன? கவுன்சிலர் யார்? பதில் தெரியாவிட்டால் மளிகைக்கடையில் கேளுங்கள்.