கும்மிடிப்பூண்டி லோக்கலில் இரண்டு விரல்

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போகிறேன் என்று சொன்னால், சொன்னவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனால் மாவட்டம் பிரித்தது 1997-ல். தண்டவாளம் போட்ட வெள்ளைக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் பாட்டுக்கு மேற்கே ஒரு லைன், வடக்கே ஒரு லைன் என்று போட்டுவிட்டான். இரண்டும் சேருவது பேசின் பிரிட்ஜில். அங்கே இறங்கி, படியேறி, பிளாட்பாரம் மாறி, மறுபடியும் வடக்கே போக வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற பயணம்.

பெரியபாளையம் பக்கமாக பஸ்ஸில் போகலாம். ஆனால் பஸ்ஸில் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை டிரைவருக்கு மட்டுமே உண்டு. ரயிலில் அவரவர் காது அவரவருக்கு.

நான் கும்மிடிப்பூண்டிக்குப் போவது வருஷத்துக்கு இரண்டு முறை. எழுத்து சோறு போடாத மாதங்களில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்காக ஸ்டாக் சரிபார்க்கப் போவேன். பி.காம். படித்தவனுக்கு வெயிலில் நின்று இரும்புக் கம்பி எண்ணுகிற யோகம். 'கம்பி எண்ணுவது' என்றால் ஊரில் வேறு அர்த்தம். வீட்டில் யாரிடமும் விளக்கமாகச் சொல்வதில்லை.

இந்த முறை போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அங்கே என் பள்ளிக்கூட சிநேகிதன் இருக்கிறான். திருவள்ளூரில் அவனுக்கு 'கிடார்' என்றே பெயர். வாசிக்கக் கற்றது சர்ச்சில். வாசித்து சம்பாதித்தது கல்யாணக் கச்சேரிகளில். ஐ.டி.ஐ. முடித்து கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தான். சில வருஷம் முன்பு ஒரு நைட் ஷிஃப்டில், இடது கையின் நடுவிரலையும் மோதிர விரலையும் மெஷின் எடுத்துக்கொண்டது. அவன் அம்மா வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தார்கள். விரல் முளைக்கும் என்று இல்லை. மகன் மனசாவது ஆறட்டும் என்று.

மனசு ஆறியதா தெரியாது. கிடாரை மட்டும் அவன் அதற்குப் பிறகு தொடவில்லை.

அவனுக்காக என் செல்போனில் ஒரு ஆல்பம் ஏற்றிக்கொண்டு போனேன். பெயர் 'ஜாங்காலஜி'. வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். ஜாஸ் கிடார் என்றால் இன்றைக்கும் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று.

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறினேன். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். ஜன்னல் ஓரம் கிடைத்ததும் காதில் மாட்டினேன்.

இந்த ஸ்விங் என்பது என்ன என்று ஆபீஸில் ஒருவர் கேட்டார். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன், வித்வான்கள் மன்னிக்கவும். ஒரு தாளத் தட்டை மூன்றாகப் பிரித்து 'த-கி-ட' என்று சொல்லிப் பாருங்கள். இப்போது நடுவில் இருக்கும் 'கி'யை முழுங்கிவிடுங்கள். 'தா...ட, தா...ட' என்று ஒரு நொண்டல் வருகிறதா? அந்த நொண்டலுக்குத் தலை தானாக ஆடுகிறதா? அதுதான் ஸ்விங். 1930-களில் அமெரிக்காவையே அது எழுந்து ஆட வைத்தது.

ஜாங்கோ அமெரிக்கர் இல்லை. 1910-ல் பெல்ஜியத்தில் ஒரு கூண்டு வண்டியில் பிறந்தவர். ஜிப்ஸி என்று ஊர் சொல்லும் ரோமா இனம். எழுதப் படிக்கப் பெரிதாகத் தெரியாது. சங்கீதக் குறிப்பு சுத்தமாகத் தெரியாது. பதினெட்டு வயதில் பாரிஸ் டான்ஸ் ஹால்களில் நல்ல பெயர் எடுத்துவிட்டார். 1928 நவம்பரில் ஒரு ராத்திரி வண்டிக்குள் தீ. மனைவி விற்பனைக்குச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டுப் பூக்கள் குப்பென்று பிடித்துக்கொண்டன. உயிர் தப்பியது. ஆனால் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருண்டு, உதவாமல் போய்விட்டன.

ஆஸ்பத்திரிக்கு அவர் தம்பி ஜோசப் ஒரு கிடார் கொண்டுவந்து கொடுத்தார். படுக்கையில் கிடந்தபடியே, மிஞ்சியிருந்த இரண்டு விரலுக்கு ஏற்றபடி ஜாங்கோ வாசிப்பையே புதிதாகக் கட்டிக்கொண்டார். தந்தி மேல் குறுக்கே போக முடியவில்லையா, நெடுக ஓடினார். 1934-ல் ஸ்டெஃபான் கிரப்பெல்லி என்ற வயலின்காரரோடு சேர்ந்து பாரிஸில் ஐந்து பேர் கொண்ட குழு ஆரம்பித்தார். அதில் டிரம்ஸ் கிடையாது, டிரம்பெட் கிடையாது. எல்லாமே தந்தி.

'ஜாங்காலஜி'யில் இருப்பவை 1949-ல் ரோமில் பதிவானவை. ஜிப்ஸி கிடார், பிரெஞ்சு வயலின், கூட மூன்று இத்தாலியர்கள். மெட்டுகளைப் பார்த்தால் அமெரிக்க ஸ்விங் இருக்கிறது. 'லா மேர்' என்ற பிரெஞ்சு சினிமாக்காரர்களுக்குப் பிடித்த கடல் பாட்டு இருக்கிறது. ரஷ்ய மேதை சைகோவ்ஸ்கியின் சிம்பொனியிலிருந்து ஒரு துண்டுகூட இருக்கிறது. 'வேர்ல்டு மியூசிக்' என்று கடைகளில் தனி ஷெல்ஃப் வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே அந்த மனுஷன் கிடைத்ததையெல்லாம் ஒரே இலையில் பரிமாறிவிட்டார். ஆல்பமாக வந்தது 1961-ல். அதைப் பார்க்க அவர் இல்லை. 1953-லேயே, 43 வயதில் போய்விட்டார்.

எண்ணூர் தாண்டியதும் ஜன்னலில் புகைபோக்கிகள் வரிசை கட்டின. அத்திப்பட்டில் ஒரு கூட்டம் ஏறியது. பீகார்ப் பையன்கள், ஒடிசாப் பையன்கள், முதுகில் பை, கையில் செல்போன். ஒருவன் செல்போனில் போஜ்புரிப் பாட்டு. பக்கத்தில் ஒரு அம்மா தெலுங்கில் யாரையோ போனில் வறுத்துக்கொண்டிருந்தார். ஒரு பையன் என் பாட்டிலைக் காட்டி "பானி?" என்றான். கொடுத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. ஜாங்கோவின் ரோமா பாஷையிலும் தண்ணீருக்கு 'பானி'தான். ஆயிரம் வருஷம் போல முன்னால் வட இந்தியாவிலிருந்து மேற்கே நடந்து போனவர்கள் அவர்கள் என்று பாஷையை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு அவர்கள் சொல்வது 'யேக், தூய், த்ரின்'. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்த பையனுக்கு இந்த உறவுமுறையை விளக்கலாமா என்று நினைத்தேன். அவன் அதற்குள் தூங்கிவிட்டான்.

மேற்கே போன கிடார் திரும்பியும் வந்தது. சின்ன வயதில் ஜாங்கோவைக் கேட்டு வளர்ந்த இங்கிலாந்துக்காரர் ஜான் மெக்லாஃப்லின், 1970-களில் நம் விக்கு விநாயக்ராம் கடத்தோடு 'சக்தி' குழுவில் உட்கார்ந்தார். 2007-ல் சென்னைக்கே வந்து, நம்மூர்க் கலைஞர்களோடு 'ஃப்ளோட்டிங் பாயின்ட்' என்று ஒரு ஆல்பம் பதிவு செய்தார். நம் பக்கத்திலிருந்து ராணிப்பேட்டை பிரசன்னா. ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டப் படித்துவிட்டு, கர்நாடக சங்கீதத்தை கிடாரில் ஏற்றி, ஜாஸ் பக்கமும் போனவர். பியானோ விஜய் ஐயர், தபலா நிதின் மித்தா, இவர் கிடார் என்று மூன்று பேர் சேர்ந்து 2011-ல் 'தீர்த்தா' என்று ஒரு ஆல்பம் கொடுத்தார்கள். ராணிப்பேட்டையிலும் ஒரு சிப்காட் இருக்கிறது என்பதை என் சிநேகிதனுக்காக மனசில் குறித்துக்கொண்டேன்.

மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை. கும்மிடிப்பூண்டி.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் லாரி, தூசு, டீக்கடை. ஹிந்தி போர்டு போட்ட சாப்பாட்டுக் கடை, பக்கத்திலேயே தமிழில் பரோட்டாக் கடை. சாயங்காலம் வரை கம்பி எண்ணினேன். நோட்டில் இருந்த கணக்கும் தரையில் இருந்த கணக்கும் அநேகமாக ஒத்துப்போயின. அதுவே அதிசயம்.

அஞ்சரை மணிக்கு பிளாட்பாரத்துக்கு அவன் வந்தான். இப்போது வேறொரு கம்பெனியில் கேட்டில் டைம்கீப்பர். "வாடா ஆடிட்டரு!" என்று தோளில் தட்டினான். இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு இயர்போன். 'ஜாங்காலஜி'யில் வரும் 'மைனர் ஸ்விங்' போட்டேன். முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

"எத்தன விரல்ல வாசிக்கிறான், சொல்லு?"

"ஏன், அஞ்சு இருக்காதா?"

கதையைச் சொன்னேன். கூண்டு வண்டி, தீ, இரண்டு விரல், எல்லாம். அதோடு விட்டேனா? இன்னொன்றும் சேர்த்தேன். டோனி அயோமி. பர்மிங்காமில் தகரம் வெட்டி வளைக்கிற ஃபேக்டரியில் வேலை பார்த்த பையன். 1965-ல், 17 வயதில், வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில் பிரஸ் மெஷின் இரண்டு விரல் நுனியைத் துண்டாக்கியது. சோர்ந்து கிடந்தவனுக்கு ஃபேக்டரி அதிகாரி ஒருவர் ஜாங்கோ ரெக்கார்டைப் போட்டுக் காட்டினார். பையன் பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, 'பிளாக் சபத்' குழுவில் உலகத்தையே அலற வைத்தான்.

சொல்லி முடித்துவிட்டு, நல்ல காரியம் செய்தவன் முகத்தோடு அவனைப் பார்த்தேன்.

அவன் இடது கையை வெளியே எடுத்தான். "அவனுக்கு மிஞ்சினது பக்கத்து பக்கத்து விரல்டா. எனக்கு இருக்கறது ஆள்காட்டியும் சுண்டு விரலும். ரெண்டு கரை இருக்கு, நடுவுல பாலம் இல்ல."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"இன்னொண்ணு. இந்தக் கதைய என்கிட்ட சொல்லு, பரவால்ல. எங்க மாதிரி கம்பெனி முதலாளிங்ககிட்ட மட்டும் சொல்லிடாத. 'ரெண்டு விரல்லயே அவ்ளோ வாசிக்கிறான், அப்புறம் மெஷினுக்கு கார்டு எதுக்கு'ன்னு கேப்பாங்க."

சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அவனே சொன்னான். அந்த பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் உள்ளே மாட்டாது, அவ்வளவுதான் அதன் தத்துவம். ஆனால் இரண்டு கையால் அமுக்கினால் பீஸ் எண்ணிக்கை குறையும். அதனால் ஒரு பட்டனில் கட்டையைச் செருகி நிரந்தரமாக அமுக்கி வைத்திருந்தார்கள். மெஷினுக்கு ஒரு கை போதும் என்று ஆனது. இன்னொரு கை சும்மா இருக்குமா? பீஸை எடுக்க உள்ளே போனது.

"எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்" என்றான்.

நான் கணக்குப் படித்தவன். அவன் கேஸுக்காக அப்போது 1923-ம் வருஷ இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் நஷ்டம். ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம். மூன்று போனால் 30. டெபிட், கிரெடிட் மாதிரி அழகாக வரிசை போட்டிருக்கும். அவனுக்கும் 20 சதவீதத்துக்குப் பணம் வந்தது. கல்யாண வீட்டில் அவன் கிடாருக்காகக் காத்திருந்த கூட்டத்துக்கு அந்த அட்டவணையில் பத்தி இல்லை.

ஜாங்கோவின் வாசிப்பு தீயின் பெருமை இல்லை. தீ எடுத்தது எடுத்ததுதான். இத்தனை நாளாக இந்தக் கதையை நான் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அந்த பெஞ்சில்தான் புரிந்தது.

பேச்சை மாற்ற, அதே 'மைனர் ஸ்விங்'கின் பழைய பதிவைப் போட்டேன். 1937-ல் டிரம்ஸ் இல்லாத அந்தக் குழு வாசித்தது. பத்து செகண்டில் அவன் கை உயர்ந்தது.

"இரு இரு. பின்னால 'ழும்-சக், ழும்-சக்'னு போவுதே, அது என்ன?"

"ரிதம் கிடார். டிரம்ஸ் இல்லைல, ரெண்டு கிடாரை வெச்சு டிரம்ஸ் வேலைய வாங்கறாங்க."

"யாரு வாசிக்கறது?"

"அந்தக் குழுவில ஜாங்கோவோட தம்பி ரிதம் வாசிப்பார். ஆஸ்பத்திரிக்கு கிடார் கொண்டாந்து கொடுத்த ஜோசப்."

மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னான். இந்த முறை ஜாங்கோவைக் கேட்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அடியில் ஓடிய அந்த 'சக்'கை மட்டும் கேட்டான். மடியில் இருந்த டிபன் பாக்ஸ் மேல் ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் அகல நின்று அழுத்தின, விட்டன, அழுத்தின.

"அமுக்கி உடனே விட்டுடறான்டா. அதான் சத்தம் கட்டாவுது. இதுக்கு ரொம்ப விரல் தேவையில்ல" என்றான், எனக்குச் சொல்வது போல இல்லாமல்.

வண்டி வந்துவிட்டது. நான் பேசின் பிரிட்ஜ் போய், படியேறி, பிளாட்பாரம் மாறி, ராத்திரி ஒன்பதரைக்குத் திருவள்ளூர் வந்து சேர்ந்தேன்.

பதினைந்து நாள் கழித்து வாட்ஸப்பில் ஒரு பதிவு அனுப்பினான். ஒரு நிமிஷம்கூட இருக்காது. 'ழும்-சக், ழும்-சக்.' நடுநடுவே தடுக்கியது. ஸ்விங் இருந்ததா என்று கேட்டால், நொண்டல் நிச்சயமாக இருந்தது.

கடைசியில் பக்கத்தில் ஒரு குழந்தைக் குரல்: "டிரம்ஸ் எங்கப்பா?"

அவன் குரல்: "இதான்டா செல்லம் டிரம்ஸ்."