கடைசி வரியில் ஒரு கவுன்டி

போன வருஷம் ஆபீஸில் எனக்கு ஒரு டிக்கெட் வந்தது. வாடிக்கையாளர் முகவரிப் படிவத்தில் 'கவுன்டி' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைத் தூக்கிவிடு. அரை நாள் வேலை. பிரிட்டனில் தபால் போய்ச் சேர வீட்டு எண், தெரு, ஊர், போஸ்ட்கோடு போதும். கவுன்டி வேண்டியதில்லை என்று ராயல் மெயில் 1996-லேயே சொல்லிவிட்டது. அழிக்கும் முன் ஜனங்கள் அதில் என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு க்வெரி ஓட்டிப் பார்த்தேன். லண்டனின் வடமேற்குப் பக்கத்து முகவரிகளில் திரும்பத் திரும்ப ஒரே பெயர்: மிடில்செக்ஸ்.

நிர்வாகக் கணக்கில் அப்படி ஒரு கவுன்டி இல்லை. 1965 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு அது போய்விட்டது.

பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம் (நானும் சிரித்தவன்தான்). நடுவில் இருந்த சாக்சன்களின் நாடு என்று அர்த்தம். கிழக்கில் இருந்தவர்களுடையது எசெக்ஸ், தெற்கில் இருந்தவர்களுடையது சசெக்ஸ். தெற்கே தேம்ஸ், மேற்கே கோன், கிழக்கே லீ என்று மூன்று ஆறுகள் எல்லை போட்டுக்கொடுத்த சின்ன கவுன்டி. லண்டன் அதன் மடியில் வளர்ந்து அதையே தின்றது. 1889-இல் லண்டன் கவுன்டி என்று புதிதாக ஒன்றை உருவாக்கியபோது மிடில்செக்ஸின் தென்கிழக்கு மூலையை வெட்டிக் கொடுத்தார்கள். மிடில்செக்ஸ் கிரிக்கெட் அணியின் சொந்த மைதானமான லார்ட்ஸ் அந்த மூலையில்தான் இருக்கிறது. ஆக, நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த அணி 'ஹோம்' மேட்ச் ஆடுவது கவுன்டிக்கு வெளியே.

ரயில் பாதையோரம் வரிசை வரிசையாக வீடுகள் வந்தன, வயல்கள் போயின. 1965-இல் கிரேட்டர் லண்டன் உருவானபோது மிச்சமிருந்ததில் பெரும்பகுதி அதற்குள் போய்விட்டது. வெம்ப்ளியையும் வில்ஸ்டனையும் ஒட்டவைத்து, நடுவில் ஓடும் ஆற்றின் பெயரால் பிரென்ட் என்றார்கள். ஹாரோ மட்டும் பழைய எல்லையோடு அப்படியே தப்பித்தது. ஸ்டெயின்ஸ் சர்ரேக்குப் போனது, பாட்டர்ஸ் பார் ஹார்ட்ஃபோர்டுஷருக்கு. கவுன்டி கவுன்சில் கூடிய மிடில்செக்ஸ் கில்ட்ஹாலில் 2009 முதல் நாட்டின் உச்ச நீதிமன்றம் நடக்கிறது.

தபால்துறை மட்டும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு 'லண்டன்' என்றால் வேறு எல்லை, அது கிரேட்டர் லண்டனை விடச் சின்னது. அதனால் முகவரிகளில் மிடில்செக்ஸ் அப்படியே தொடர்ந்தது. ஸ்டெயின்ஸ்காரர் வரி கட்டுவது சர்ரேக்கு, கடிதம் வருவது மிடில்செக்ஸுக்கு. பக்கத்திலேயே ஆஷ்ஃபோர்டு என்று ஓர் ஊர். கென்டிலும் ஓர் ஆஷ்ஃபோர்டு உண்டு என்பதால் அங்கே கடைசி வரி உண்மையிலேயே உபயோகப்பட்டது. எங்கள் பாஷையில் சொன்னால், சர்வரில் டெலீட் ஆகிவிட்டது, கேஷில் 31 வருஷம் உயிரோடு இருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்ததே ஐயாவால்தான். வெம்ப்ளியில் நான் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர். 1984-இல் வந்தவர். அதாவது கவுன்டி ஒழிந்து 19 வருஷம் கழித்து. ஆனாலும் கேஸ் பில்லோ ஆஸ்பத்திரி படிவமோ, எதில் முகவரி கேட்டாலும் கடைசியில் மிடில்செக்ஸ் என்று எழுதாமல் விடமாட்டார். ஒருநாள் என் படிப்பைக் காட்டிக்கொள்ளும் ஆசையில், "ஐயா, அது இப்ப இல்லையே" என்றேன்.

"இல்லாட்டிப் போகட்டும் தம்பி," என்றார். "இருங்கோ வாறன்."

மாடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். நீல நிற ஏரோகிராம்கள். எல்லாம் அவருடைய அம்மா எழுதியவை. உள்ளே தமிழ். வெளியே முகவரி மட்டும் ஆங்கிலத்தில், ஒவ்வொரு எழுத்தும் கோலம் போட்டதுபோலத் தனித்தனியாக. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாதாம். இவர் முதல் கடிதத்தில் எழுதி அனுப்பிய முகவரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். மிடில்செக்ஸில் வரும் இரண்டு 'டி'யும் கொஞ்சம் பெரிதாகவே விழுந்திருந்தன, எல்லாக் கடிதத்திலும்.

கடைசிக் கடிதம் 1995 முடிவில் வந்தது. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து போன சமயம். அனுப்புநர் பக்கத்தில் பெயர் மட்டும் இருந்தது, ஊர் இல்லை. இந்தப் பக்கத்தில் வீட்டு எண்ணிலிருந்து மிடில்செக்ஸ் வரை ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

"இதைப் பாக்காமலே எழுதியிருக்கிறா," என்றார் ஐயா. "நான் அனுப்பின காயிதம் எல்லாம் வீட்டோட விட்டுட்டுத்தான் வெளிக்கிட்டவ."

நான் டிக்கெட்டை முடித்தேன். கவுன்டி கட்டாயக் கட்டம் என்பதை எடுத்துவிட்டேன், பட்டியலையும் எடுத்துவிட்டேன். ஆனால் முகவரியின் அடியில், எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல், யார் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒரு வரியை விட்டுவைத்தேன். லேபிளில் அது அச்சாகும். கோட் ரிவ்யூவில் மேலாளர், "இந்த வரி யாருக்கு?" என்று கேட்டார். ஐயாவைப் பற்றி எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, ஸ்டெயின்ஸில் பிறந்து வளர்ந்த சக ஊழியர் ஒருவர் அதற்குக் கீழே பதில் போட்டுவிட்டார்:

"எங்க அம்மாவுக்கு."