தெரிந்தெடுத்த துறவியின் ஊர்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கும்போது பிரான்சு நாட்டு இல்லங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து குடும்பத்தார் ஒருங்கே அமரும் விருந்துக்கு எந்தத் திராட்சை இரசத்தை வைப்பது? வெண்ணிற இரசமா, நுரைத்தெழும் இரசமா, முடிவில் அருந்தும் இனிப்பு இரசமா? இது நாவைப் பற்றிய கேள்வி மட்டுமே என்று நாம் எண்ணிவிடலாகாது. கானாவூர்த் திருமணத்தில் இரசம் தீர்ந்துபோனதை முதலில் உணர்ந்து உரைத்தவர் நம் தேவதாய் அன்றோ? விருந்தளிப்போர் நாணமுறலாகாது என்ற தாயுள்ளத்தின் அக்கறை அது. அவ்வக்கறையோடு இக்கேள்விக்கு விடை தேடி, நாம் ஷாம்பேன் நாட்டுக்கு ஒரு பயணம் சென்று வருவோம்.

பாரிஸ் மாநகரிலிருந்து வடகிழக்கே விரைவுப் புகைவண்டியில் சென்றால் ஒரு மணி நேரத்துக்குள் ரெய்ம்ஸ் நகரை அடைகின்றோம். பிராங்கு இனத்தாரின் மன்னன் குளோவிஸ் புனித ரெமிஜியுஸ் ஆயரின் கையால் ஞானஸ்நானம் பெற்ற நகர் இதுவே. 1429-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள், புனித ஜோன் ஆஃப் ஆர்க் அருகில் நிற்க, ஏழாம் சார்லஸ் முடிசூடியதும் இங்குள்ள தேவதாய் பேராலயத்தில்தான். 1914-ஆம் ஆண்டு செப்டம்பரில் பீரங்கிக் குண்டுகளால் அப்பேராலயத்தின் கூரை எரிந்து வீழ்ந்தது. இன்று அது மீண்டும் எழில்பெற்று நிற்கின்றது.

நகரின் தரைக்கடியில் மற்றொரு நகரே உண்டு. பழங்காலத்தில் சுண்ணக்கல் வெட்டியெடுத்த ஆழ்ந்த குழிகள் பின்னாளில் இரசக் கிடங்குகளாயின. கோடையிலும் குளிரிலும் அங்கே வெப்பநிலை ஏறக்குறைய 10 பாகைதான். முதல் உலகப் போரின்போது நகர மக்கள் இக்கிடங்குகளில் தஞ்சம் புகுந்தனர். புட்டிகள் அடுக்கிய சுவர்களுக்கு நடுவே சிறுவருக்குப் பள்ளிகளும் நடைபெற்றன. விழாவுக்கென இரசம் உறங்கும் இருளே அன்று ஏழை எளியோருக்கு அரணாக இருந்தது.

நகரைவிட்டுத் தெற்கே காடு சூழ்ந்த குன்றுகளைக் கடந்தால், மார்ன் ஆற்றை நோக்கிச் சரியும் திராட்சைத் தோட்டங்களின் நடுவே ஓவிலே என்னும் சிற்றூர் தென்படும். ஏழாம் நூற்றாண்டில் இங்கு எழுந்த துறவுமடம் புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றியது. அம்மடத்தில் 1668 முதல் 1715 வரை பண்டசாலைப் பொறுப்பை வகித்தவரே தோம் பெரிஞ்ஞோன் என்ற துறவி. நுரைத்தெழும் இரசத்தைக் கண்டுபிடித்தவர் அவரே என்று உலகெங்கும் கூறுவர். அது உண்மையன்று. அவர் பொறுப்பேற்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1662-இல், லண்டன் நகரில் கிறிஸ்டோபர் மெரெட் என்னும் அறிஞர் இரசத்தில் சர்க்கரை சேர்த்து நுரைக்கச் செய்யும் வழக்கத்தை எழுத்தில் பதித்துவிட்டார். தோம் பெரிஞ்ஞோன் காலத்தில் நுரை ஒரு குறையாகவே கருதப்பட்டது. குளிர்காலத்தில் நின்றுபோன புளிப்பு இளவேனிலில் மீண்டும் தொடங்க, புட்டிகள் வெடித்துச் சிதறும். மடத்தின் முன்னாள் துறவி ஒருவர் 1821-இல் எழுதிய கடிதத்திலிருந்து வளர்ந்த புகழே பின்னர்க் கதையாகப் பரவிற்று.

அவ்வாறாயின் அத்துறவியின் உண்மைப் பெருமை யாது? தெரிந்தெடுக்கும் திறமே அது. வெவ்வேறு தோட்டங்களின் பழங்களைத் தரம் கண்டு, ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறைவால் ஈடுசெய்து, ஒத்திசைந்த இரசமாக்குவதில் அவர் வல்லவர். விழா விருந்துக்கு இரசம் தேர்வோர் அவரிடம் கற்கவேண்டிய பாடமும் இதுவே.

இங்கு விளையும் பழங்களுள் முதன்மையானவை மூன்று: ஷார்தொனே என்னும் வெண்திராட்சை, பினோ நுவார், மெனியே என்னும் கருந்திராட்சைகள். கருந்திராட்சையிலும் சாறு நிறமற்றதே. தோலின் சாயம் இறங்காதவாறு மெல்லப் பிழிந்தால் வெண்ணிற இரசம் கிட்டும். 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டர் சாறு மட்டுமே எடுக்கலாம் என்பது விதி. முதலில் புளித்து அமைந்த இரசத்தைப் புட்டியிலிட்டு, சிறிது சர்க்கரையும் நொதியும் சேர்த்து அடைப்பர். இரண்டாம் முறை புளிக்கும்போது எழும் வாயு வெளியேற வழியின்றி இரசத்திலேயே கரைகின்றது. சாதாரண வகையாயினும் 15 மாதங்களேனும் கிடங்கில் காத்திருக்கவேண்டும். குறித்த ஓர் ஆண்டின் பெயர் தாங்கி வருவதாயின் 3 ஆண்டுகள்.

இனி, தெரிவுக்கு வருவோம். சிப்பியும் மீனும் கொண்டு விருந்து தொடங்குமாயின், ஷார்தொனே மட்டும் கொண்டு செய்த மெல்லிய ஷாம்பேன் பொருந்தும். நுரையில்லாத வெண்ணிற இரசமும் இங்கு உண்டு. அதனைக் கொத்தோ ஷாம்பெனுவா என்பர். பொரித்த கோழிக்கும் வான்கோழிக்கும் கருந்திராட்சையின் திடம் வாய்ந்தது ஏற்றது. புட்டியின் மேற்சீட்டிலுள்ள சொற்களையும் அறிதல் வேண்டும். ‘ப்ரூட்’ எனில் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்த சர்க்கரை. ‘செக்’ என்ற சொல்லுக்கு இனிப்பற்றது என்பது பொருளாயினும், அதில் 17 முதல் 32 கிராம் வரை உண்டு. ‘தெமி-செக்’ என்பதில் 32 முதல் 50 கிராம்.

விருந்தின் முடிவில் மரக்கட்டை வடிவில் செய்த கிறிஸ்மஸ் கேக்கை வெட்டும் வேளையில், பலர் விலையுயர்ந்த ‘ப்ரூட்’ புட்டியைத் திறக்கின்றனர். இனிப்பை உண்ட நாவுக்கு அது புளிப்பாகவே தோன்றும். அவ்வேளைக்குரியது ‘தெமி-செக்’. அல்லது இந்நாட்டின் ‘ரத்தாஃபியா’. புளிக்காத திராட்சைச் சாற்றில் மதுசாரம் சேர்த்துச் செய்யப்படுவதால் பழத்தின் இனிமை அதில் அப்படியே தங்குகின்றது. ஷாம்பேனில் மதுசாரம் ஏறக்குறைய 12 விழுக்காடு, இதிலோ 18. ஆகவே சிறு கிண்ணமே போதும். பொருள் வசதி குறைந்தோர், அல்சாஸ், லுவார் முதலிய பகுதிகளில் இதே முறையில் செய்யப்படும் ‘கிரெமான்’ இரசத்தைக் குறைந்த விலையில் வாங்குகின்றனர். அதில் இழிவேதும் இல்லை.

எதுவாயினும் 8 முதல் 10 பாகை வரை குளிர்வித்து, தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு புட்டியை மெல்லத் திருப்பித் திறக்கவேண்டும். உள்ளிருக்கும் அழுத்தம் மோட்டார் வண்டிச் சக்கரத்தில் உள்ளதைப்போல் இருமடங்குக்கும் மேல். வேடிக்கைக்காகத் தக்கையைப் பறக்கவிடுவோர் பிறர் கண்ணுக்கு ஊறு விளைவிப்பர்.

அளவைப் பற்றியும் சொல்லவேண்டும். புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்கில், துறவி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு சிறு அளவு இரசம் போதும் என்று வரையறுத்தார். அறவே விலக்கும் வரம் பெற்றோரை அவர் இன்னும் மேலாகப் போற்றினார். ஒரு புட்டியில் ஆறு கிண்ணம் நிறையும். ஆறு பேர் கூடி ஒரு புட்டியோடு மகிழலாம். ஆனால் குடியால் துன்புறுபவர் ஒருவர் நம் குடும்பத்தில் இருப்பாராயின், அவ்வாண்டு நாம் தெரிந்தெடுக்கவேண்டிய சிறந்த இரசம் புளிக்காத திராட்சைச் சாறே. எல்லாக் கிண்ணங்களிலும் அதனையே வார்ப்போமாக. அவருடைய கிண்ணம் மட்டும் வேறுபட்டு நிற்றல் ஆகாது.

மற்றொன்றையும் மறத்தலாகாது. இங்குப் பழக்கொத்துகளைக் கையால் பறிக்கவேண்டும் என்பது சட்டம். 2023-ஆம் ஆண்டின் அறுவடையில், கடும் வெப்ப நாள்களில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். அதே பருவத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை இழிந்த குடியிருப்பில் அடைத்து வேலை வாங்கியதற்காக, 2025-இல் ஷாலோன் நகர நீதிமன்றம் மூவருக்குத் தண்டனை விதித்தது. திராட்சைத் தோட்டத்து வேலையாள்களைப் பற்றி ஆண்டவர் உரைத்த உவமையில், கடைசியாக வந்தவனுக்கும் முழுக் கூலி கிடைத்தது. விருந்து மேசையில் ஒளிரும் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு கூலியாளின் வியர்வை உண்டென்பதை நினைத்தால், அதனை அலட்சியமாக வீணாக்க நமக்கு மனம் வராது.

புரட்சிக் காலத்தில் ஓவிலே மடம் மூடப்பட்டது. மடத்தின் ஆலயமே இன்று ஊரின் பங்கு ஆலயம். பீடத்துக்கு முன்னே கருநிறக் கல்லின்கீழ் தோம் பெரிஞ்ஞோன் துயில்கின்றார். அக்கல்லில் நுரையைப் பற்றியோ, உலகம் அவர் பெயரால் விற்கும் இரசத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. நாற்பத்தேழு ஆண்டுகள் பண்டசாலையைப் பழுதின்றி நடத்தினார் என்றும், சிறப்பாக ஏழைகள்மீது தந்தைக்குரிய அன்பு கொண்டிருந்தார் என்றுமே அதில் இலத்தீனில் பொறித்துள்ளனர். விழாவுக்கு எதைத் தெரிந்தெடுப்பது என்று கணக்கிடும் நம் குடும்பங்கள், நம் மேசையில் யாருக்கு இடம் வைப்பது என்பதையும் உடன் தெரிந்தெடுக்குமாயின், பாலன் இயேசுவின் பிறப்பு நம் இல்லங்களில் முழுமை பெறும்.